நாலாவது துளசி

வெள்ளிக்கிழமை காலை. முன்பக்கக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வீட்டுக்கார அக்கா ராமாத்தாள் துளசிமாடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தலைக்குக் குளித்த ஈரம் ஜாக்கெட் முதுகில் இறங்கியிருந்தது. கையில் மஞ்சள், குங்குமம் வைத்த தட்டு.

மாடத்தில் இருந்தது செடியில்லை, குச்சி. போன வாரம் வரை நாலு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதுவும் இல்லை.

தட்டைக் கீழே வைத்தார். குச்சியைப் பிடித்து இழுத்தார். முரண்டு பிடிக்காமல் வேரோடு கையில் வந்தது.

"இது நாலாவது" என்றார், யாரையும் பார்க்காமல்.

எங்கள் காம்பவுண்டில் ஐந்து வீடுகள். குழாயடியில் நின்ற பெண்கள் எல்லோரும் குடத்தைத் தூக்காமல் நின்றார்கள். அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"மேரி, முந்தாநேத்து நீ இந்தக் கொழாயில தண்ணி புடிச்சியா, இல்லியா?"

"புடிச்சேன் அக்கா."

"புடிக்கக் கூடாத நாளுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

எல்லோருக்கும் புரிந்தது. வீட்டுக்கு விலக்கான நாளில் பெண்கள் மாடத்துப் பக்கம் வரக்கூடாது, பின்பக்கக் குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்பது அந்தக் காம்பவுண்டின் சட்டம். வாடகை பேசும்போதே சொல்லிவிடுவார். கொடியில் காயும் துணியைப் பார்த்தே யாருக்கு என்றைக்கு என்று கணக்கு வைத்திருப்பார்.

"பின்னால ஒரே கூட்டம் அக்கா. எட்டரைக்குக் கம்பெனியில நிக்கணும்."

"உன்ற கம்பெனிக்கு என்ற ஊட்டு லட்சுமியா பதில் சொல்றது? மாசக் கடைசிக்குள்ள ஊட்ட ஒழிச்சுக் குடுத்துருங்க கண்ணு. சண்டையும் வேண்டாம், சத்தமும் வேண்டாம்."

வீட்டைக் காலி பண்ணு என்பதைக்கூடக் 'கண்ணு' போட்டுச் சொல்கிற ஊர் அது. நான் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். அழுகை வரவில்லை. அக்கா நின்ற இடத்துக்கு நேர் மேலே, அதே வீட்டின் மொட்டைமாடியில், என்னுடைய துளசிச் செடிகள் பதினொன்று இடுப்பளவு உயரத்தில் கருகருவென்று நின்றுகொண்டிருந்தன. அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

மூச்சுக்கு ஒரு இலை

இந்தத் தொடரில் எங்கோ ஓரிடத்தில், என் வீட்டுக்காரருக்குத் துளசி போட்டு ஆவி பிடிக்கக் கொடுப்பேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "நீங்கள் வேதக்கார ஆட்கள் ஆயிற்றே, துளசி எப்படி உங்கள் வீட்டில்?" என்று கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். ராமாத்தாள் அக்காவும் அதையேதான் கேட்டார்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகான ஆரம்ப வருஷங்களில் பனியன் கம்பெனி வேலைக்காக வேலம்பாளையத்துக்கு வந்து சேர்ந்தோம். என் வீட்டுக்காரர் அந்தோணிக்குக் கட்டிங் செக்ஷனில் வேலை. துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் வெட்டும்போது பஞ்சு பறக்கும். கண் இமையில், மூக்கில், டீ டம்ளரில் எல்லாம் பஞ்சு. அன்றைக்கு எந்தக் கலர் துணி ஓடியது என்று அவர் தலைமுடியைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.

மூன்று வருஷத்தில் அவருக்கு இளைப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். துளசியும் கற்பூரவல்லியும் போட்டு ஆவி பிடித்தால் இதமாக இருக்கும் என்று கம்பெனியில் என் பக்கத்து டேபிள் அக்கா சொன்னாள். துளசிதான் குணமாக்கியது என்று எழுத மாட்டேன். மருந்துதான் குணமாக்கியது. ஆனால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு கைப்பிடித் துளசியைக் கிள்ளிப் போட்டதும் கிளம்புமே, கிராம்பும் மிளகும் கலந்த மாதிரி ஒரு காரவாசம், அதற்கு அவர் முகம் தெளியும். "இப்பதான் நெஞ்சு திறந்த மாதிரி இருக்கு" என்பார். எனக்கு அது போதும்.

பூக்கடையில் வாங்கும் துளசியில் வாசம் பாதிகூட இருக்காது. மாலைக்குப் பறித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து நைந்துபோனது. நாமே வளர்த்தால் என்ன என்று தோன்றியது.

ராமாத்தாள் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். "மாடியில நாலஞ்சு டப்பா வச்சுக்கிடட்டுமா அக்கா?" என்றேன். புதினா, கொத்தமல்லி என்று நினைத்திருப்பார். "வெச்சுக்க கண்ணு, தளம் ஒழுகாமப் பாத்துக்க" என்றார். அவருக்கு முழங்கால் வலி. மாடி ஏறி வருஷக்கணக்காகிவிட்டது.

ஓட்டை எங்கிருந்து வருகிறது

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்து நடந்தது புரியும்.

நான் செக்கிங்கில் சேர்ந்து சூப்பர்வைசரானவள். டியூப்லைட்டுக்குக் கீழே நீள மேஜை. பனியனை உள்ளே கைவிட்டு விரித்து, முன்பக்கம், பின்பக்கம், தோள், கழுத்து என்று பார்க்க வேண்டும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், எது இருந்தாலும் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். என் கண்ணைத் தாண்டிக் குறையுள்ள பீஸ் போனதில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். வெளிநாட்டு ஆட்கள் வந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற நாளில் எங்கள் மானேஜருக்கு வியர்க்கும், எனக்கு வியர்க்காது.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது செக்கிங் பெண்ணின் வேலை. அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது சூப்பர்வைசரின் வேலை. பின்னும்போது ஊசி உடைந்திருந்தால் குறை ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வரும். கத்தரி பட்டிருந்தால் ஒரு பீஸோடு முடிந்துவிடும். ஆகவே, "யார் செய்தது?" என்று கத்துவதற்கு முன்னால் இன்னும் பத்து பீஸை எடுத்துப் பார்ப்பேன். ஆளைத் திட்டினால் அந்த ஆள் அழுவார். ஓட்டை அங்கேயே இருக்கும்.

துளசி விஷயத்திலும் அதையேதான் செய்தேன்.

என் முதல் செடிகளும் செத்துத்தான் போயின. கம்பெனி வாட்ச்மேன் வீட்டிலிருந்து காய்ந்த பூங்கதிர் வாங்கி வந்தேன். உள்ளங்கையில் கசக்கி ஊதினால் கடுகைவிடச் சின்ன விதைகள் விழும். மணலோடு கலந்து தூவினேன். பத்து நாளில் பச்சைப் புள்ளிகளாக முளைத்தன. விரல் உயரம் வந்ததும் பெயின்ட் டப்பாக்களுக்கு மாற்றினேன். செம்மண், ஆட்டுப் புழுக்கை, உடுமலைப்பேட்டையிலிருந்து கம்பெனிக்கு வரும் டிரைவரிடம் சொல்லி வாங்கிய தேங்காய் நார்த்தூள். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஒரே மாதத்தில் இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகியது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு பொருக்கு.

நான் டப்பாவையும் மண்ணையும் சந்தேகப்பட்டேன். வெயிலையும் சந்தேகப்பட்டுப் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டினேன். பயனில்லை.

ஒரு டப்பாவில் மட்டும் செடி சாகவில்லை. அது படியோரம் இருந்தது. அரிசி களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினால் அக்கா திட்டுவார் என்று அந்த டப்பாவில் ஊற்றி வந்தேன். அரிசி களைவதும் சமைப்பதும் நல்ல தண்ணியில். அதாவது நாலைந்து நாளைக்கு ஒருமுறை தெருக்குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில். மற்ற டப்பாக்களுக்கு ஊற்றியது காம்பவுண்டுக் குழாயில் வரும் போர் தண்ணீர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்.

உடனே ஆறு டப்பாக்களில் புதுச் செடி வைத்தேன். மண் ஒன்று, வெயில் ஒன்று. மூன்றுக்கு நல்ல தண்ணி, மூன்றுக்குப் போர் தண்ணீர். ஒரு மாதம் கழித்து யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு காய்கறி கழுவிய தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மழை பெய்தால் தகரத்திலிருந்து வழியும் தண்ணீர், எதையும் விடாமல் பிடித்தேன். நுனியைக் கிள்ளக் கிள்ளத் துளசி பக்கவாட்டில் விரியும். பூங்கதிர் வந்ததும் கிள்ளிவிட்டால் வாசம் இலையிலேயே தங்கும். மூன்று டப்பா பதினொன்றாகியது. சாயங்காலம் மாடிக்கதவைத் திறந்தால் முதலில் மூக்குக்குத்தான் செய்தி வரும்.

அந்தோணி மூட்டை கட்டுகிறார்

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் அந்தோணி பரணிலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டார்.

"ஏட்டி, நமக்கு எதுக்கு வம்பு? வேற வீடு பாத்துக்கிட்டுப் போவோம்."

"நான் செய்யாத தப்புக்கு எதுக்குப் போகணும்?"

"நீ அந்தக் குழாயில பிடிச்சேல்லா?"

"பிடிச்சேன். அதனால செடி சாகல. எதனால செத்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா? அவங்க வீடு, அவங்க சாமி. நம்ம போய்ப் பாடம் நடத்த முடியுமா?"

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. பேசி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியதையும் பார்த்தேன். இன்னொரு வீடு என்றால் இன்னொரு மாடி கிடைக்குமா, செடி வைக்க விடுவார்களா என்று யோசனை ஓடியது. அதைவிட ஒன்று உறுத்தியது. ஐந்து வீட்டுப் பெண்கள் முன்னால், என் உடம்பினால்தான் ஒரு செடி செத்தது என்று சொல்லிவிட்டார். நான் காலி பண்ணிப் போனால் அது உண்மையாகிவிடும். எனக்கு அடுத்து வருகிறவளுக்கும் அதே பேச்சு கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நேராக அக்கா வீட்டு வாசலில் நின்றேன்.

"அக்கா, ஒரு தடவ மாடிக்கு வரணும்."

"என்னால ஏற முடியாது கண்ணு."

"நான் பிடிச்சுக்கிடுதேன். காலி பண்ணச் சொல்லிட்டீங்க, பண்ணிருவேன். அதுக்கு முன்னால இத நீங்க பாக்கணும்."

மாடியில்

ஒவ்வொரு படியாக ஏறினோம். கடைசிப் படிக்கு முன்பே நின்று மூக்கை உறிஞ்சினார். கதவைத் திறந்தேன்.

அக்கா பதினொன்றையும் பார்த்தார். கருந்துளசி டப்பாவின் பக்கத்தில் போய் இலையைத் தொடப்போனவர், கையை இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இத ஆரு வெச்சது?"

"நான்தான் அக்கா."

"உங்களுக்கு இது சாமி இல்லியே. எதுக்கு வளக்கறே?"

"எங்க வீட்டுக்காரர் மூச்சுக்கு."

"கீழ என்ற சாமி காஞ்சு சாகுது. மேல உனக்கு மட்டும் தழையுதா?" குரல் உயர்ந்தது. "என்ன பண்ணுனே? என்னத்தப் போட்டே?"

"ஒண்ணும் போடல. நான் இங்க எல்லா நாளும் வாரேன் அக்கா. அந்த மூணு நாளும் வாரேன். தண்ணி ஊத்துதேன், கிள்ளுதேன். ஒரு செடியும் சாகல."

அவர் குனிந்து டப்பா மண்ணைப் பார்த்தார்.

கைப்பிடிச் சுவர் மேல் இரண்டு எவர்சில்வர் மூடிகளை வைத்திருந்தேன். முந்தின நாள் காலையில் ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணி ஊற்றிக் காயவிட்டது. நல்ல தண்ணி மூடியில் லேசான ஒரு வளையம் மட்டும். போர் தண்ணீர் மூடியில் அப்பளம் மாதிரி வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அதை அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க தெனமும் குளிச்சுட்டு ஒரு சொம்பு ஊத்துதீங்கல்லா, அது இதுதான்."

"உப்புத் தண்ணின்னு ஊருக்கே தெரியுமே. பொறத்தால தென்ன மரம் நல்லாத்தான இருக்குது?"

"தென்னை உப்பைத் தாங்கும் அக்கா. துளசி தாங்காது."

"ஊடு கட்டுன புதுசுல இதே தண்ணிதான் ஊத்துனேன். செடி மாடத்த மறைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"அப்ப தண்ணி இப்படி இருந்துச்சா?"

அவர் மேற்குப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாலு தெரு தள்ளி ஒரு சாயப்பட்டறையின் புகைபோக்கி தெரிந்தது. அது அவருடைய அண்ணனுடையது. அக்காவின் வீட்டுக்காரர் கணியூர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார், மாதத்துக்கு இரண்டு தடவை வந்தால் அதிகம். இந்தக் காம்பவுண்டை முன்னே நின்று கட்டிக் கொடுத்தது அண்ணன்தான். போர் போட இடம் காட்டியதும் அவர்தான்.

மண்ணுக்குள் இறங்கும் அந்தப் பட்டறைக் கழிவைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் விரித்துப் பார்க்கும் பனியன்களின் நீலமும் சிவப்பும் அந்த மாதிரிப் பட்டறைகளிலிருந்துதான் வந்தன. என் சம்பளமும் அதிலேதான் இருந்தது.

அக்கா பொருக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "புடிச்சுக்க, எறங்கோணும்" என்றார்.

ஒரு டம்ளர் தண்ணீர்

அந்த வாரம் முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. அந்தோணி இரண்டாவது பெட்டியையும் கட்டினார். நான் தடுக்கவில்லை, பெட்டியைக் கட்டினால் அவிழ்த்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வந்தார். தங்கை வீட்டில் சாப்பிட வருவது வழக்கம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பார்த்ததும் எழுந்து நிற்கத் தோன்றும் உருவம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன்.

அக்கா எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அவர் ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி எழுந்து வாசலோரம் துப்பினார்.

"என்ன தண்ணி இது? கடல்ல மோந்தாப்பல இருக்குது!"

"நம்ம போர் தண்ணிங்கண்ணா. நீங்க போட்டுக் குடுத்தது."

"இதப் போய்க் குடிக்கக் குடுக்கற? உனக்கென்ன கிறுக்கா?"

"உங்களால ஒரு வாய் குடிக்க முடியலீங். மூணு வருசமா இதத்தான் நான் சாமிக்கு ஊத்தறனுங். நாலு செடி போச்சு. காரணம் ஆருன்னு தேடி, பொளைக்க வந்த ஒரு புள்ளையப் புடிச்சு, நாலு பேரு முன்னால ஊட்ட உட்டுப் போகச் சொல்லிப்போட்டனுங்."

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "என்னைய என்ன பண்ணச் சொல்ற? பட்டறையப் பூட்டீரட்டா? அத்தன குடும்பமும் எங்க போகும்? நான் ஒருத்தன் பூட்டுனா பூமித் தண்ணி இனிச்சுருமா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்ண்ணா. உங்களுக்குத் தெரியட்டும்னு குடுத்தேன். அவ்வளவுதான்."

அவர் செருப்பை மாட்டினார். இலை போட்டிருந்தது, சாப்பிடாமல் போனார். அக்கா வாசலில் நின்று, கார் திரும்புகிற வரை பார்த்தார். உள்ளே போகும்போது கண்ணைத் துடைத்தார். அண்ணன் தங்கை பேச்சு மறுபடி சேர ஒரு வருஷம் ஆனது. பட்டறை அதற்குப் பிறகும் பல காலம் ஓடியது. புகை நின்ற கதை வேறு, அது என் கதையில்லை.

நாள் பார்த்து

மாசக் கடைசி வந்தது, போனது. அக்கா வாடகையை வாங்கிக்கொண்டார். காலி பண்ண வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தோணி பெட்டிகளை அவிழ்த்துப் பாத்திரங்களைப் பழையபடி அடுக்கினார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தோம்.

அந்த மாசக் கடைசி கழிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது அக்கா மாடத்தின் பக்கத்தில் நின்று கூப்பிட்டார். பழைய மண்ணையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு, கணியூர்த் தோட்டத்திலிருந்து வந்த புதுச் செம்மண்ணை நிரப்பியிருந்தார். பக்கத்தில் மூடி போட்ட ஒரு குடம். நல்ல தண்ணி.

"மேரி, மேல இருந்து ஒரு செடி கொண்டா கண்ணு. கருந்துளசி. நீயே வெச்சுக் குடு."

குழாயடியில் அதே பெண்கள் இருந்தார்கள். போய் எடுத்து வந்து நட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கலாம். இந்தத் தடவை துணியை மாடியில்தான் காயப்போட்டிருந்தேன், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் குறை இருக்கிறது என்று ஒருவர் நினைக்கிற பீஸை மறைத்துப் பெட்டிக்குள் வைத்து எனக்குப் பழக்கமில்லை. அது குறையே இல்லை என்று நான் நினைத்தாலும்.

பக்கத்தில் போய்ச் சொன்னேன். "அக்கா, எனக்கு இன்னைக்கு மூணாம் நாளு. என்னைக் கேட்டா செடிக்கு ஒண்ணும் ஆகாது. உங்களுக்கு மனசு கேக்காதுன்னா நீங்களே நட்டுருங்க. செடிய மட்டும் கொண்டு வந்து படியில வைக்கேன்."

அக்கா மண்ணைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். சரி, செடியை வாங்கிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

"நான் வெச்ச நாலும் போச்சு" என்றார். "இது நீ வெக்கறதுதான். ஞாயித்துக்கெழம வெக்கலாம். மண்ணு எங்கியும் போயிராது."

குழாயடிப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் முதல் பூசைக்குப் போகவில்லை. குளித்துவிட்டு, டப்பாவைத் தட்டி, வேர்மண் உடையாமல் செடியை இறக்கி வைத்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து, முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு, ஓரத்து மண்ணை இரண்டு கையாலும் அணைத்துக் கொடுத்தார்.